காய் அறுக்கும் முன் சொல்லும் விலை

ஒரு பெண்மணியின் கேலியை நான் சம்மதம் என்று மொழிபெயர்த்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

அப்போது மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த மாம்பழக்கூழ் ஆலையில் நான் கொள்முதல் அதிகாரி. திருத்தணியிலிருந்து தினமும் போய் வந்தேன். எங்கள் கூழை வாங்கிய வெளிநாட்டு நிறுவனம், விவசாயிகளுக்கு நியாயம் கிடைப்பது உறுதியானால் கூடுதல் விலை தருவதாகச் சொல்லி ஓர் அம்மையாரை அனுப்பியது. பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தோப்பில், விவசாயிகள் சங்கத் தலைவியிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: காயை அறுக்கும் முன்பே உங்களுக்கு விலை தெரியுமா? நான் அதைத் தமிழில் கேட்டேன். தலைவி இடுப்பில் கைவைத்து, "ஆங்?" என்றார். எங்கள் பக்கத்தில் 'ஆங்' என்றால் ஆமாம். அதையே மேலே இழுத்தால், என்ன கதை விடுகிறாய் என்று பொருள். அவர் நன்றாக இழுத்துத்தான் சொன்னார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "ஆமாம் என்கிறார்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தச் சிரிப்பை வந்தவர் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

உண்மையில், லாரி ஆலைக்குள் காயைக் கொட்டிய பிறகுதான் நாங்கள் விலை சொல்வோம். கொட்டிய காயை யாரும் திரும்ப அள்ளிப் போக முடியாது. கூடுதல் விலை ஆலையோடு நின்றுவிட்டது. உலக வாணிகத்தின் அநீதியைப் பற்றிக் கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன் நான்.

ஓய்வுபெற்ற பின் தலைவியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப என் 'ஆங்' மட்டும் சீமைக்குப் போய் நல்ல வெலைக்கு வித்துகினு இருந்திருக்குது. காய்தான் சார் இங்க அடிமாட்டு வெலைக்குப் போச்சு."

வாளியைக் கீழே வைத்துவிட்டு மேலும் சொன்னார்.

"அந்தம்மா திரும்ப வந்தா நீங்களே வந்து சொல்லுங்க. பொய் சொன்ன வாய்தான் சொல்லணும்."

அம்மையார் மறுபடி வந்தபோது, திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. ஆலை மேலாளர் என் முழங்கையைப் பிடித்து, "வயசான காலத்துல எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார். நான் எழுந்து, முதலில் என் பொய்யைச் சொன்னேன். பிறகு தலைவி எழுந்து பேசியதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன், என்னைத் திட்டியது உட்பட.

அந்தப் பருவத்தில் வெளிநாட்டு நிறுவனம் வாங்குவதை நிறுத்தியது. மரத்தடியிலேயே பழம் அழுகியது. "உத்தமர் வந்து உண்மை பேசினாரு, எங்க பொழப்பு போச்சு" என்று சிலர் என் காதுபடவே பேசினார்கள். தலைவி மட்டும் தளரவில்லை. அடுத்த ஆண்டு, அறுக்கும் முன் தோப்பிலேயே விலை சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு நிறுவனம் திரும்பி வந்தது.

முதல் நாள் நானும் போய் ஓரமாக நின்றேன். ஆலை ஆள் விலையைச் சொன்னான்.

"இந்த வெலைக்கு அறுக்க மாட்டோம். போய்ட்டு வாங்க" என்றார் தலைவி.

லாரி காலியாகத் திரும்பிப் போனது. பெண்கள் மர நிழலில் போய் உட்கார்ந்தார்கள். எனக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை என்று தெரிந்தும் நிமிர்ந்தது.

மதியத்துக்கு மேல் அதே லாரி திரும்பி வந்தது. ஆலை ஆள் கீழே இறங்கிப் புது விலையைச் சொன்ன பிறகுதான் பெண்கள் துறட்டியைக் கையில் எடுத்தார்கள்.