தொட்டிக்குள் யாருக்கும் சொந்த சீட் கிடையாது

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. அவள் வேனில் யாருக்கும் சொந்த சீட் கிடையாது. போன வாரம் ஜன்னலோரம் காற்று வாங்கியவன் இந்தத் திங்கட்கிழமை நடுவில் நசுங்குவான். "இது என் சீட்டு" என்று எவனாவது வாயைத் திறந்தால், "ஸ்டியரிங் முன்னாடி இருக்கறது என் சீட்டு. மத்ததெல்லாம் வேனோட சீட்டு. ஏறு" என்பாள். கிள்ளுகிறவன், கடிக்கிறவன், பென்சிலால் குத்துகிறவன் எல்லோரும் அவளுக்கு நேர் பின்னால். பையைக் கட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்குகிற குழந்தைக்கு, ஓயாமல் வாயடிக்கும் பெரிய பெண்கள் நடுவில் இடம். அவள் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

வேன் முதலில் கணவருடையது. முதுகுவலி வந்து அவரால் உட்கார்ந்து ஓட்ட முடியாமல் போனபோது, விற்றுவிடலாம் என்று வீடே பேசியது. "ஏன், நீ ஓட்டறியா?" என்று அவர் பாதி விளையாட்டாகத்தான் கேட்டார்.

"ஓட்டறேன். ஆனா நீங்க கத்துக்குடுக்க வேணாம். வேற யார்கிட்டயாவது கத்துக்கறேன். குடும்பம் நடக்கணும்ல?"

அப்படிக் கற்றுக்கொண்டு ஓட்ட வந்தவள்தான். கணவர் இப்போது உதிரிபாகக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறார். வேனில் ஒரு சத்தம் மாறினால் அவருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதை அவரே நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படுவார், அவள் இல்லாத இடத்தில்.

மீன் தொட்டி, ஊரை மாற்றிக்கொண்டு போன ஒரு பிள்ளையின் பெற்றோர் விட்டுப்போனது. கூடத்தில் ஃப்ரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் நடுவில் அதற்கு மட்டும்தான் இடம் இருந்தது. இன்னொரு தொட்டி வைப்பதென்றால் மனிதர்களில் ஒருவர் வெளியே போக வேண்டியிருக்கும். அதில் துறுதுறுவென்று ஓடும் ஒரு கூட்டம் ரோஸி பார்ப் மீன்களும், முத்துப் புள்ளிகள் பதித்தது போன்ற ஒரு கௌராமியும் இருந்தன. கௌராமிக்கு மார்புக்குக் கீழே நூல் மாதிரி இரண்டு மீசை. அதை நீட்டி இலை, கல், கண்ணாடி எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போகும். நோட்டுத் திருத்துகிற மாதிரி இருக்கிறது என்று அதற்கு 'டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தாள். மாலை வேனைக் கழுவி நிறுத்திவிட்டு வந்ததும் அதன் முன்னால்தான் உட்காருவாள். நாள் முழுக்க அத்தனை தொண்டைகளைக் கேட்டவளுக்கு, வாயைத் திறந்தாலும் சத்தம் வராத ஒரு கூட்டம் வேண்டியிருந்தது.

அந்த அமைதிக்கு வேட்டு வைத்தது கொழுந்தன். வெளியூர் வேலைக்குக் கிளம்பும் அன்று ஒரு பெயின்ட் வாளியோடு வந்தான். உள்ளே சாம்பல் உடம்பில் கறுப்பு வரி போட்ட ஒரு மீன். சிக்லிட் வகை. கைதிச் சட்டை மாட்டிய மாதிரி இருந்தது.

"அண்ணி, ஒரு வருஷம்தான். உங்களைத் தவிர யாரை நம்பறது? ரொம்ப சாது."

சாது அன்று மாலைக்குள் இரண்டு பார்ப் மீன்களின் வாலைக் கத்தரித்திருந்தது.

"புது இடம், அப்படித்தான் இருக்கும்" என்றாள் மாமியார். "என் சின்னவன்கூட ஸ்கூல்ல சேர்த்த புதுசுல எல்லாரையும் கடிச்சான். அப்புறம் சரியாகலையா?"

"இப்ப கடிக்க ஆள் விட்டுட்டுப் போயிருக்கான்" என்றார் கணவர் கட்டிலிலிருந்து.

மாமியாருக்கு அந்த மீன் வெறும் மீன் இல்லை. தினமும் காலையில் தொட்டியின் முன்னால் நின்று, "சாப்பிட்டியா? தூங்கினியா?" என்று, போனில் மகனிடம் கேட்பதையெல்லாம் அதனிடமும் கேட்பாள். ஒதுங்க இடமில்லாமல்தான் அது சண்டை போடுகிறது என்று அவளாக முடிவு செய்து, கடைவீதியில் ஒரு சின்ன மண்பானை வாங்கிவந்து, கையை முழங்கை வரை நனைத்துத் தானே தொட்டியின் நடுவில் சாய்த்து வைத்தாள். "பாவம், அதுக்கும் ஒரு வீடு வேணாமா?"

உடம்பில் வரி இருந்ததால் அதற்கு வரியன் என்று பெயராகியிருந்தது. வரியன் பானைக்குள் புகுந்தான். அதோடு தொட்டி முழுவதும் அவன் வாசலாகிவிட்டது. வாசலைத் தாண்டிப் போனவர்களுக்கெல்லாம் அடி. பார்ப் கூட்டம் வேகமானது, தப்பித்தது. டீச்சருக்கு ஓடத் தெரியாது. வால் கிழிந்து, மேல்மூலையில் காற்றுக்குழாயோடு ஒட்டிக்கொண்டு நின்றது. போட்ட தீனி அதன் பக்கம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

மீன் கடைக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டுல ஒண்ணை எங்கிட்ட குடுத்துடுங்கக்கா. வேற வழி கிடையாது."

"உன்னோடதக் குடுத்துடேன்" என்றார் கணவர் தணிந்த குரலில். "அவனோடதக் குடுத்தா அம்மா மூஞ்சியை வருஷம் பூரா பாக்கணும்."

நியாயமான பேச்சுதான். அதுதான் அவளுக்கு உறுத்தியது. சண்டைக்காரனுக்குப் பயந்து அடி வாங்குகிறவனை வெளியே அனுப்புவது என்பது வேனில் அவள் ஒருநாளும் செய்யாத காரியம். ஞாயிறு வரை பார்ப்போம், அதற்குள் டீச்சர் நடுத்தொட்டிக்கு வரவில்லை என்றால் கொடுத்துவிடுவோம் என்று தனக்குத்தானே கெடு வைத்தாள்.

விடை வேனிலேயே இருந்தது. வாந்தி எடுக்கிறாள் என்று ஒரு சிறுமியைச் சில நாட்களாகக் கதவோரமே உட்காரவைத்திருந்தாள். அன்று காலை பார்த்தால், அந்தச் சிறுமி காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, ஏறுகிறவர்களிடம் "சாரி சொல்லு, விடறேன்" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். வாந்தியைக் காணோம். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. சீட்டைக் கொடுத்தது யார்? நாம்தானே!

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வரியனை வலையில் பிடித்து வாளியில் விட்டாள். பானையை எடுத்து வெளியே வைத்தாள். கற்களையும் செடிகளையும் ஒன்றுவிடாமல் இடம் மாற்றினாள்.

மாமியார் பதறிப்போனாள். "அதோட வீட்டையா பிடுங்கற?"

"வீடு கிடைச்சப்புறம்தான் அத்தை அது ரவுடியாச்சு."

"ஓஹோ. அப்ப இந்த வீட்ல நீயும் அப்படித்தானா?"

"எனக்கு நீங்க எங்க வீட்டைக் குடுத்தீங்க? நான்தான் வேன்லயே இருக்கேனே."

கணவர் துண்டால் முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மற்ற மீன்கள் புது இடத்தைச் சுற்றிப் பார்த்து முடித்த பிறகுதான் வரியனை உள்ளே விட்டாள். கடைசியாக ஏறியவன் எங்கே நிற்பது என்று தெரியாமல் திகைத்தான். அன்றைக்கு அடிதடி இல்லை. ஆனால் இரண்டாம் நாளே ஃபில்டருக்குப் பின்னால் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, டீச்சரின் மீசையில் ஒன்றைக் கடித்துத் துண்டாக்கிவிட்டான்.

மாமியார் வெளியே கிடந்த பானையை எடுத்துத் துடைத்து, தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

அக்கா ஈரக் கையோடு நெடுநேரம் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த மூலையிலிருந்து வரியன் என்ன பார்க்கிறான் என்று, தலையைக் கண்ணாடியில் சாய்த்து, அவன் கண் இருக்கும் உயரத்துக்குக் குனிந்து பார்த்தாள். தொட்டியின் அந்தக் கோடி வரை தடையில்லாமல் தெரிந்தது. தெரிவதையெல்லாம் தனதென்று நினைக்கிறான். எழுந்து போய்ப் பட்டையான கற்களைத் தேடிக் கொண்டுவந்து கழுவி, நடுவில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிறுத்தினாள். அடர்த்தியான செடிகளை அவற்றின் இடுக்கில் செருகினாள். ஒரு கோடியிலிருந்து பார்த்தால் மறு கோடி தெரியக்கூடாது.

அடுத்தது தீனி. இரண்டு கோடியிலும் ஒரே நேரத்தில் போட வேண்டும். ஒரு ஆளால் முடியாது.

"அத்தை, கொஞ்சம் வாங்களேன். நான் வரியன் பக்கம் போடறேன். நீங்க டீச்சர் பக்கம்."

"நான் ஏன் அந்தப் பக்கம்? எனக்கு இவனைத்தான் பழக்கம்."

"பழக்கம்தான் பிரச்சினை. நீங்க பக்கத்துல இருந்தா அவனுக்குத் தைரியம் வந்துடுது. சொல்றப்ப போடுங்க."

வேனில் கிள்ளுகிறவன் எப்போதும் அக்காவுக்கு நேர் பின்னால் என்பதை மாமியார் அறியமாட்டாள். முணுமுணுத்துக்கொண்டே மறு கோடியில் போய் நின்றாள். "ம், போடுங்க" என்று அக்கா சொன்னதும் இரண்டு கைகளும் ஒன்றாகத் தண்ணீரின் மேல் விரிந்தன. வரியன் தன் பக்கத்துத் தீனியில் மும்முரமாக இருந்தபோது, டீச்சர் குழாயைவிட்டு ஒரு சாண் கீழே இறங்கி வாயைத் திறந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் மாமியார் கூப்பிடாமலே வந்து நின்றாள். "இன்னைக்கு சீக்கிரம் போடு. பசியில இருக்கு" என்றாள். எது என்று அக்கா கேட்கவில்லை.

ஞாயிறு காலை அக்கா குடத்தில் தண்ணீர் பிடித்துத் தயாராக வைத்திருந்தாள், டீச்சரைக் கடைக்குக் கொண்டுபோகத்தான். தீனி போட்டு முடித்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். பார்ப் கூட்டம் கலைந்து ஓடியது. டீச்சர் மிச்சமிருந்த ஒற்றை மீசையால் முதல் கல்லைத் தொட்டது. இரண்டாவது கல்லைத் தொட்டது. செடிக்குள் நுழைந்து நடுத்தொட்டியில் வெளிப்பட்டது. வரியன் பார்த்துவிட்டான். பாய்ந்தான். டீச்சர் கல்லுக்குப் பின்னால் வளைந்தது. கண்ணிலிருந்து மறைந்ததும் வரியன் அரைவழியில் நின்று, எதற்கு வந்தோம் என்று மறந்தவன் மாதிரி, தரையைக் கொத்திக்கொண்டு திரும்பிப் போனான்.

"பாத்தியா, திரும்பிட்டான்!" என்றாள் மாமியார். "திருந்திட்டான்."

"திருந்தவெல்லாம் இல்ல அத்தை. துரத்தற தூரம் குறைஞ்சிருக்கு. அது போதும்." குடத்துத் தண்ணீரைக் கொண்டுபோய் வேனின் முன்கண்ணாடியில் ஊற்றித் துடைத்தாள்.

உள்ளே போன் அடித்தது. கொழுந்தன்தான். ஞாயிறு தவறாமல் பேசுவான். முதல் கேள்வி எப்போதும் அவன் மீனைப் பற்றித்தான். மாமியார் குரல் வாசல் வரை கேட்டது.

"உன்னோடதுக்கு என்னடா, கல்லு மாதிரி இருக்கு. அது கிடக்கட்டும். அண்ணியோட டீச்சருக்கு மீசை போயிடுச்சு, உன்னாலதான். இன்னைக்குதான் நடுவுல வந்து சாப்பிட்டுச்சு. அதை விசாரிக்க மாட்டியா நீ?"