குவைத்திலிருந்து நீண்ட கை

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். ஜெபம் பண்ணினேன்!

சிரிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தும்போதுகூட அதே நினைப்புதான்.

கஹவத்தைப் பக்கம் இருக்கிற எங்கள் ரப்பர்த் தோட்டத்துச் சபையைப் பற்றி இங்கே முன்பும் புலம்பியிருக்கிறேன். சின்னச் சபை. போதகர் ஒருவர், அவருக்கு ஐந்து சபைகள், ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். அவர் வரமுடியாத ஞாயிறுகளில் பிரசங்கம் வாட்ஸ்அப்பில் வரும். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்போம். நடுவில் அவர் வீட்டுச் சேவல் கூவும்... அதற்கும் சேர்த்தே ஆமென் சொல்லிவிடுவோம்.

போன வாரம் அவரே நேரில் வந்தார். ஐந்து பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள், விவரம் தெரிந்த வயதில் தாங்களே எழுந்து நின்று 'நான் விசுவாசிக்கிறேன்' என்று சபைக்கு முன்னால் சொல்வார்கள். போதகர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். ஆயுசுக்கு ஒரே ஒரு தடவைதான்.

அந்த ஐவரில் ஒருத்தி ஜெனிட்டா. பதினாறு வயது. அப்பா யேசுராஜ் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறார். அம்மா சாந்தி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் நான்கு வருஷம். மகளுக்கு விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொடுத்ததே சாந்திதான் — வாய்ஸ் மெசேஜில்! மகள் சொல்லி அனுப்புவாள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டு, பிழை திருத்தி, தண்ணீர்ச் சத்தத்தோடு திருப்பி அனுப்புவாள்.

சாந்தி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"டீச்சர், புள்ளையோட தலையில கை வைக்கிறத மட்டும் நான் பாக்கணுங்க. பாட்டு, பிரசங்கம் எல்லாம் கட்டாகிப் போனாலும் பரவாயில்ல. அது ஒண்ணு போதும்."

இதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா?

சாந்தியின் மேடத்துக்கு மூன்று பிள்ளைகள். அங்கே காலை ஆறரைக்கு அவர்கள் எழும்பினால் சாந்திக்கு மூச்சுவிட நேரமில்லை. அதற்கு முந்திய அரைமணி நேரம்தான் அவளுடையது. எங்கள் கணக்கில் எட்டரையிலிருந்து ஒன்பது. எங்கள் ஆராதனையோ பெயருக்குத்தான் ஒன்பது மணி. ஆட்கள் தலை வாரி, பூட்டைப் பூட்டி, படியிறங்கி வந்து சேரப் பத்தாகிவிடும்.

நேரத்தைவிடப் பெரிய தலைவலி சிக்னல். எங்கள் சர்ச் இருப்பது பள்ளத்தில். உள்ளே போனால் போன் வெறும் டார்ச் லைட்! மேலே ரோட்டோரத்தில் சிரிபால முதலாளியின் கடை. விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அவர் சிங்களத்தில் சொன்னார்:

"பய வென்ன எப்பா டீச்சர். மகே வைஃபை எக கன்ன."

பயப்படாதீர்கள், என் வைஃபையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று! ஆனால் அந்த வைஃபை, படி தொடங்குகிற இடத்திலுள்ள எங்கள் சர்ச் மணிக்கம்பம் வரைக்கும்தான் எட்டியது. அதற்கு இந்தப் பக்கம் ஓர் அடி வைத்தாலும் படம் நின்றுவிடும்.

அப்படியானால்? ஆராதனையையே எட்டரைக்கு முன்தள்ளி, மணிக்கம்பத்தடிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். சபைச் செயலாளர் ஆசீர்வாதம் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை.

"கோயிலுக்குள்ள நடக்க வேண்டியத கடை வாசல்ல வச்சா பாக்குறவங்க என்னா சொல்லுவாங்க?"

போதகர் சிரித்தார். "ஆண்டவர் மலையில பேசினாரு, படகுல பேசினாரு. மணிக்கம்பத்தடியில மட்டும் பேச மாட்டாராண்ணே?"

நம்பினால் நம்புங்கள் — ஞாயிறு காலை ஏழரைக்கே சபை முழுவதும் ஆஜர்! பெஞ்சுகளை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி வந்தார்கள்; முன்னால் வந்தவர் யார் தெரியுமா? அதே ஆசீர்வாதம் அண்ணன்தான். பத்து மணிக்கு வருகிற கூட்டம் இப்படியும் வருமா!

போன் பிடிக்கிற வேலை என்னுடையது. ஸ்டாண்ட் ஒன்று வாங்கலாமா என்று கேட்டார்கள். 'என் கை என்ன நடுங்கவா போகிறது?' என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். போனை ஸ்பீக்கரோடும் இணைத்திருந்தேன். முடிவில் சாந்தி நாலு வார்த்தை வாழ்த்துச் சொல்லட்டுமே என்று.

எட்டரைக்குச் சாந்தி வீடியோவில் வந்தாள். பின்னால் அலுமாரி, அடுப்பு. சமையலறை மூலையில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் முக்காடு போட்டிருந்தாள். அரைமணி நேரத்துக்கு அவளும் எங்களோடு சர்ச்சுக்கு வந்திருக்கிறாள்! மகளின் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாட்டு நன்றாகப் போனது. விசுவாசப் பிரமாணம் அதைவிட நன்றாகப் போனது. ஜெனிட்டா இரண்டாவதாக முழங்காலில் நின்றாள். நான் போனை நெஞ்சுக்கு நேராக, கல் மாதிரிப் பிடித்திருந்தேன்.

போதகர் கையை உயர்த்தினார். "ஜெபிப்போம்" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வேறென்ன செய்வேன்? நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும், தலை தானாகக் குனியும், கை தானாகக் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்ட கைக்குள் போனும் இருந்தது. ஜெனிட்டாவுக்காக நான் அவ்வளவு உருக்கமாக ஜெபித்தேன் என்பதுதான் இதில் கொடுமை.

திடீரென்று மணிக்கம்பமே பேசியதுபோல ஸ்பீக்கரில் ஒரு குரல்.

"டீச்சர்... டீச்சர்! செருப்புதான் தெரியுது டீச்சர்!"

பதறிப்போய்க் கண்ணைத் திறந்தேன். போதகர் மூன்றாவது பையனிடம் போயிருந்தார். ஜெனிட்டா எழுந்து நின்றிருந்தாள்.

"முடிஞ்சிருச்சா டீச்சர்?"

"முடிஞ்சிருச்சு சாந்தி" என்றேன்.

சாந்தி கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் "சரிங்க டீச்சர்" என்றாள். நாலு வருஷம் காத்திருந்தவள், சரிங்க டீச்சர் என்றாள்! யேசுராஜ் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதுவரை திடமாக நின்ற ஜெனிட்டாவின் உதடு கோணியது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நின்றேன்.

போதகர் மற்ற மூன்று பேருக்கும் கை வைத்து முடித்தார். புத்தகத்தை மூடினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதுக்கு ஆறு நிமிஷம் இருந்தது.

"நான் கை வச்சது வச்சதுதான். ரெண்டாவது தடவ வைக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். "ஆனா பெத்தவ புள்ளைக்கு ஜெபம் பண்ண யாருகிட்டயும் அதிகாரம் கேக்கத் தேவையில்ல. சாந்தி, நீங்க கை வச்சு ஜெபிங்க. டீச்சர், போனக் கொண்டாங்க. இந்தத் தடவ கண்ண மூடாதீங்க!"

சாந்தியா? தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் நடக்கிற ஜெபக்கூட்டத்தில் தன் முறை வந்தால் தேத்தண்ணி ஊற்றுகிற சாக்கில் எழுந்து ஓடிவிடுகிறவளாயிற்றே!

ஜெனிட்டா மறுபடி முழங்காலில் நின்றாள். போனை அவள் தலைக்கு நேராகப் பிடித்தேன். சாந்தி தன் கையைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்தாள். திரை முழுவதும் ஓர் உள்ளங்கை. ஓரத்தில் ஒரு சூட்டுத் தழும்பு. ஜெனிட்டா தலையைக் குனிந்து அந்தத் திரையில் முட்டிக்கொண்டாள்.

மேடம் வீட்டில் யாரும் எழும்பிவிடக்கூடாதே என்று சாந்தி கிசுகிசுத்தாள். எங்கள் ஸ்பீக்கர் அதை மேல் லயம் வரைக்கும் கொண்டுபோனது.

"ஆண்டவரே... என் புள்ளைய நான் பன்னெண்டு வருசம்தான் பாத்தேன். மிச்சத்த நீங்கதான் பாத்தீங்க. அவளுக்குக் காச்ச வந்தப்ப நான் இல்ல. அவ பெரிய மனுசியானப்ப நான் இல்ல. இன்னிக்கி இருக்கேன் ஆண்டவரே. இந்தா, இருக்கேன்..."

நான் கண்ணைத் திறந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, எங்கள் சபை ஜெபிக்கும்போது எப்படி இருக்கும் என்று பார்த்தேன். ஆசீர்வாதம் அண்ணனுக்குத் தாடை நடுங்குகிறது. யேசுராஜ் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருக்கிறார். அடேயப்பா, இந்த முகங்களை எல்லாம் பார்க்காமல் எத்தனை ஞாயிறுகளைக் கழித்திருக்கிறேன்! வீட்டுக்கு வந்து வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தேன். கண்ணை மூடித்தான் ஜெபிக்க வேண்டும் என்று ஒரு கட்டளையும் என் கண்ணில் படவில்லை.

சாந்தி அன்று ஜெபத்தை முடிக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை யாரையோ கூப்பிட்டது. கை விலகியது, திரை இருண்டது. சாந்திக்கு ஆமென் சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை.

நாங்கள் சொன்னோம். அவ்வளவு சத்தமாக எங்கள் சபை ஆமென் சொல்லி நான் கேட்டதே இல்லை. கடைப் படியிலிருந்து "சாது, சாது" என்று தன் பௌத்த ஆமெனைச் சொன்னார் சிரிபால முதலாளி.

ஜெனிட்டா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாவோட கை ரொம்பப் பெருசா இருந்துச்சு டீச்சர்" என்று சிரித்தாள். நான்தான் அழுதேன்.

நேற்றுச் சாயந்தரம் மேல் லயத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுக்கிற குடும்பம். அவள் அக்கா ஜோர்தானில் வேலை செய்கிறாள். அக்காவின் மகள் இவளிடம்தான் வளர்கிறாள். அடுத்த மாதம் அந்தப் பிள்ளைக்குப் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை. வாசலிலேயே நின்றுகொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எங்க அக்காவும் அந்த மாதிரி புள்ள தலையில கை வைக்கணுங்கிறா டீச்சர். நாங்க உங்க சபை இல்லயே... பரவாயில்லிங்களா?"

போதகருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது, சேவல் கூவலோடு:

"சபை எதுன்னு நான் கேக்கல டீச்சர். அவங்க மேடம் எத்தன மணிக்கு எழும்புவாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."