வேலிப் பொட்டும் ஒழுங்கையின் பெயரும்

கரம்பொன் ஊரில் எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர். அவர் இங்கே வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் அரை நாள். நாடு சுதந்திரமடைந்து இவ்வளவு காலம் கழித்து, அந்தப் பெயரை மாற்றவென்று போன வருடம் வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலரை மணி.

பக்கத்து வளவு அண்ணை எழும்பித் தன் பாட்டனாரின் பெயரை வைக்கச் சொன்னார்.

"வெள்ளைக்காரனுக்குத் தலை குனியாத மனிசன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

கூட்டத்துக்கு ஆறு மாதம் முன் அவரேதான் பூச்சி அரித்த ஒரு கட்டுக் கடதாசியை என்னிடம் தந்தவர். தனக்கு இங்கிலீசு வாசிக்க ஏலாது, திகதிவாரியாக அடுக்கித் தாரும் என்றார். ஒன்பதாவது தாள் ஒரு விண்ணப்பம்: ஒழுங்கைக்குத் துரையின் பெயரை வைக்க வேண்டும், தன் மகனுக்கு ஊரை நிர்வகிக்கும் விதானை வேலை தர வேண்டும். கையெழுத்து பாட்டனாருடையது. திருப்பிக் கொடுத்தபோது அதை வாசித்தும் காட்டினேன். "ஓமோம்" என்று அலுமாரியில் வைத்துப் பூட்டினார். எதையும் பிரதி எடுத்து வைப்பது என் பழக்கம் என்பதை மறந்துவிட்டார்.

கூட்டத்தில் அந்தப் பிரதியை முழுவதும் வாசித்தேன். வெளியே வந்ததும் அண்ணை மறித்தார்.

"செத்த மனிசனிலை ஏன் சேறு பூசுறீர்?"

"கையெழுத்து வைச்சது நானில்லை, அண்ணை."

"என்ரை கிணத்துத் தண்ணியைக் குடிச்சுக்கொண்டு என்னையே அவமானப்படுத்துறீர்."

அது உண்மை. என் கிணறு உவர். இரண்டு வளவுக்கும் இடையில் வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த பொட்டால் போய்த்தான் நாங்கள் நல்ல தண்ணீர் அள்ளுவோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு முன் பொட்டை முட்கம்பியால் அடைத்துவிட்டார்.

பெயரை முடிவு செய்யும் பிரதேச சபைக்கு என் பிரதி தேவைப்படவில்லை, கை தட்டல் போதுமாயிருந்தது. பாட்டனாரின் பெயர்ப்பலகை ஒழுங்கை முகப்பில், பொதுக் குழாய்க்கு நேர் மேலே நிற்கிறது. நான் தண்ணீருக்குப் போவது அங்கேதான்.

போன வெள்ளிக்கிழமை அவருடைய மருமகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணை, அந்தப் பேப்பரைத் தந்தா பொட்டைத் திறக்கலாமெண்டு மாமா சொல்லுறார்."

"மாமாட்டைச் சொல்லும், என்னட்டை மூண்டு பிரதி இருக்கெண்டு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் இரண்டு தண்ணீர்க் கானையும் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தேன்.