நான் கேட்காத மீன்கொத்தி

ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகும் எங்கள் குழுவில் எல்லோரும் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வாத்தியார் இல்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல் உடைக்கும் கிரஷரில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் தூரத்தில் மிதக்கும் வாத்துக் கூட்டத்தைப் பார்த்து, மற்றவர்கள் பைனாகுலரை எடுப்பதற்குள் எது கிளுவை, எது ஊசிவால் வாத்து என்று சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணுக்குக் கிடைத்த மரியாதை அது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

குழுவை நடத்துபவர் பெரம்பலூரில் அறிவியல் டீச்சர். ஒரு நாள் கரைவெட்டி ஏரியின் மதகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, "கேட்டுச்சா சார்? சன்னமா விசிலு மாதிரி," என்றார். எல்லோரும் வாய்க்கால் பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். நீலமாக ஏதோ ஒன்று தண்ணீரை ஒட்டிக் கிழித்துக்கொண்டு போனது. "சிறு மீன்கொத்தி," என்றேன். டீச்சர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எனக்கு எந்த விசிலும் கேட்கவில்லை.

அன்று காற்று அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் பறவையின் குரலைப் போனில் தேடிப் போட்டேன். திரையில் கோடு மேலும் கீழும் துள்ளியது, சத்தம் வரவில்லை. போன் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே கேக்குது," என்று திருப்பிக் கொடுத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஆலையில் காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். அரிக்கிறது என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தவன் நான். அதனால் குறை சொல்லவும் ஆளில்லை.

அதற்குப் பிறகு தலையாட்டப் பழகினேன். யார் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, ஒரு நொடி தள்ளித் திரும்புவேன். திரும்பியதும் கண் பார்த்துக்கொள்ளும். செண்பகத்தின் குரலும் மயிலின் அகவலும் எனக்கு நன்றாகவே கேட்கும். வெண்மார்பு மீன்கொத்தி கத்தினால் முதல் ஆளாகக் கையை நீட்டுவேன். சன்னமான குரல்கள்தான் இல்லை. கதிர்க்குருவி இல்லை, தேன்சிட்டு இல்லை. கருவேல மரங்களுக்கு நடுவே மற்றவர்கள் அவற்றைக் கேட்டுப் புன்னகைத்தபடி நிற்பார்கள். நானும் புன்னகைத்தபடி நிற்பேன்.

போன தை மாதம், புதிதாகச் சேர்ந்தவர்களை நான்தான் அழைத்துப்போக வேண்டும் என்று டீச்சர் சொன்னார். நான் மறுத்திருக்கலாம். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "நானும் வரேங்க. உங்களச் சாருன்னு கூப்புடறத ஒரு நாளாவது பாக்கணும்ல," என்றாள். அதுவரை அவளுக்கு இதெல்லாம் வேடிக்கை. கொக்கைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்று கேட்பவள், அன்று விடிவதற்கு முன்பே எழுந்து எல்லோருக்குமாகப் புளிசாதம் கிளறி, பெரிய டிபன் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தாள்.

கரையில் கொஞ்ச தூரம் நடந்தோம். கூழைக்கடாவைக் காட்டினேன், நத்தைக்குத்தி நாரையின் அலகில் உள்ள இடைவெளியைக் காட்டினேன். எல்லோரும் கேள்வி கேட்டார்கள். என் மனைவி கொஞ்சம் பின்னால் வந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தேன், முகமெல்லாம் சந்தோஷம்.

அப்போதுதான் டீச்சர் எல்லோரையும் கரைச் சரிவில் உட்காரச் சொன்னார். "கண்ண மூடிக்குங்க. ஒவ்வொரு புதுக் குரல் கேக்கும்போதும் ஒரு வெரல நீட்டுங்க. யாரு நெறய கேக்கறாங்கன்னு பாப்போம். சார், நீங்களும்தான்."

கண்ணை மூடினேன். கூழைக்கடாக்கள் இறங்கும் இறக்கைச் சத்தம் கேட்டது. ஒரு காகம். எங்கோ ஒரு மயில். அவ்வளவுதான். மற்றபடி காது முழுக்க கிரஷர் விட்டுப்போன ஓயாத ரீங்காரம். ரெண்டே விரலோடு உட்கார்ந்திருக்கும் சாரை எல்லோரும் கண் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்ற பயம் வந்தது. இமையை லேசாகத் திறந்தேன். பக்கத்தில் இருந்தவர் நாலு விரல் நீட்டியிருந்தார். நானும் நாலு நீட்டினேன். எதிரே ஒரு பெண் இன்னொரு விரலை விரித்தாள். நானும் விரித்தேன்.

நிமிர்ந்தபோது என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிபன் கேரியர் பக்கம் நாய் வந்துவிடக் கூடாதென்று அவள் கண்ணை மூடவே இல்லை. என் கண்ணையும், விரலையும், எதிரே இருந்த பெண்ணின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். திருடும்போது பிடிபட்டவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாது. அன்று கரையில் எனக்கு உடம்பெல்லாம் சுட்டது.

அதோடு முடியவில்லை. உடையார்பாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு நர்ஸ் ஆர்வமாகக் கேட்டார்: "சார், இப்ப ரெண்டு தரம் சீ... சீன்னு கேட்டுச்சே, அது என்னங்க சார்?"

எனக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. "தையல்சிட்டு," என்றேன். தையல்சிட்டு எங்கும் இருக்கும்; சொன்னால் தப்பாது என்று ஒரு கணக்கு. நர்ஸ் அதை மனப்பாடம் செய்வதுபோல வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அதே நேரம் வாய்க்கால் கம்பியிலிருந்து சிறு மீன்கொத்தி கிளம்பி, எல்லோர் கண் முன்னாலும் அலகைத் திறந்து கத்திக்கொண்டே போனது. அலகு திறந்ததை நானும் பார்த்தேன்.

"அதே சத்தந்தான் சார்!" என்றார் நர்ஸ்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர்தான், "சாரு அந்தப் பொதர்ல இருந்தத சொன்னாருங்க. ரெண்டும் ஒண்ணா கத்துச்சு," என்று சமாளித்தார். புதரில் ஒன்றும் இல்லை. எனக்காக அவர் பொய் சொன்னார். அதுவும் குரலைக் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம்.

பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கேரியரைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"காது கேக்கலையா?"

"சிலதுதான்."

"எவ்வளோ நாளா?"

நான் பைனாகுலரை எடுத்து உறையில் போட்டேன்.

"அன்னிக்கி கொல்லையில துணி தொவைக்கற கல்லுகிட்ட வழுக்கி வுழுந்தேனே," என்றாள். "மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு. உங்கள எத்தன தடவ கூப்புட்டேன் தெரியுமா? நீங்க முருங்க மரத்துல என்னத்தையோ பாத்துக்கிட்டே நின்னீங்க. நானே எந்திரிச்சு நொண்டிக்கிட்டு வந்தேன்."

அவள் நொண்டியது நினைவிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாள். மரத்தில் கொண்டைக்குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தது. திரும்பவும் பைனாகுலரை எடுத்துக்கொண்டேன்.

"கூப்டது கேட்டும் திரும்பலன்னு நெனச்சுக்கிட்டேன்," என்றாள். "நான் பேசறதே உங்களுக்குப் புடிக்கலன்னு. எவ்வளோ நாள் அழுதிருக்கேன். காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சத்தம் போட்டிருப்பேன். நீ முணுமுணுக்கிறாய் என்று அவளிடம் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன் என்பது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. செவிடன் என்று அவளுக்குத் தெரிவதைவிட, அன்பில்லாதவன் என்று அவள் நினைப்பது எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கிறது. அதை நினைக்கும்போது, கரையில் பட்ட அவமானம் ஒன்றுமே இல்லை.

திருச்சிக்குப் போய்ப் பரிசோதித்தோம். காட்டிய வரைபடத்தில் கோடு பாதி வரை சமமாக வந்து, பிறகு குவாரிப் பள்ளம் மாதிரி சரிந்தது. கனத்த ஒலிகள் கேட்கும், உயர்ந்த ஒலிகள் கேட்காது, போனது திரும்பாது என்றார் டாக்டர். பேச்சில் வரும் சில எழுத்துகளும் அந்தப் பள்ளத்தில்தான் விழுகின்றனவாம். காது மிஷின் வாங்கினேன். பேச்சு தெளிவானது. தையல்சிட்டு கூடக் கொஞ்சம் கேட்கிறது. மீன்கொத்தி கேட்கவில்லை.

அடுத்த முறை நடைக்கு முன்னால், நர்ஸ் உட்பட எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். "அன்னிக்கி நான் சொன்னது தப்பு. எனக்கு அது கேக்கல. பொதர்லயும் ஒண்ணும் இல்ல." நர்ஸ், "அதுக்கென்னங்க சார்," என்றார். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு ரொம்ப நாளாவே தெரியும் சார். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்," என்றார். அப்படியானால், நான் தலையாட்டிக்கொண்டு நின்ற காலைகளிலெல்லாம் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

இப்போது டீச்சர், குரலைப் பதிவு செய்து, அந்தச் சத்தம் வரையும் கோட்டுப் படத்தைப் போனில் எனக்குக் காட்டுகிறார். மீன்கொத்தியின் விசில், திரையின் மேல்பக்கம் மெல்லிய கீற்றாகத் தெரிகிறது. என் மனைவியும் சில ஞாயிறுகளில் வருகிறாள். சத்தம் வந்தால் என் முழங்கையைத் தொடுகிறாள்.

வீட்டில்தான் என்னால் தாங்க முடியவில்லை. மிஷின் போட்டிருந்தாலும் அவள் பின்னாலிருந்து என்னைக் கூப்பிடுவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சுற்றி வந்து என் முகத்துக்கு நேரே நின்று, "சாப்புட வாங்க," என்கிறாள். ஒவ்வொரு முறையும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.