குளிப்பாட்டும் பலகை

மருதமுனையில் ஹப்ஸாவின் தெருவில் ஒரு பெண் மௌத்தானால், இறந்த செய்தியோடு ஹப்ஸாவைத் தேடித்தான் ஆள் வரும். பெண்களின் மையத்தை, உயிர் பிரிந்த உடலை, அடக்குமுன் குளிப்பாட்டுவது அவள் இழுத்துப்போட்டுச் செய்யும் வேலை.

சல்மா உம்மா என்ற மூதாட்டியைக் குளிப்பாட்டிய அன்று, மையத்தைக் கிடத்தும் பலகை ஹப்ஸாவின் மானத்தை வாங்கிவிட்டது. யாரோ கலியாண வீட்டு அலுமாரிக்கு வாங்கி மிஞ்சியதை ஸதக்காவாக, தர்மமாகக் கொடுத்திருந்தார்கள். மேலே ஒரே பளபளப்பு, உள்ளே அமுக்கிய மரத்தூள். தண்ணீரில் ஊதிப்போய் அது நடுவில் தொய்ந்துவிட்டது. பெண்கள் அடியில் கைகொடுத்துத் தாங்கித்தான் குளிப்பாட்டி முடித்தார்கள். இருந்த காலத்தில் ஒருவருக்கும் பாரமாக இராத மனுஷி அவர். ஹப்ஸா அன்றே, இனி ஒரு மையத்தும் அந்தப் பலகையில் ஏறாது என்று முடிவுகட்டினாள்.

கல்முனையில் பலகைக் கடை வைத்திருக்கும் மக்கீன், வழவழப்பான ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

"இதுவும் தண்ணிக்குக் கொஞ்சம் தாங்கும், தங்கச்சி."

"கொஞ்சம் தாங்குறது எனக்கு வேணாம், காக்கா. எல்லாத்திலயும் ஒரு துண்டு தாங்க."

வீட்டில் அந்தத் துண்டுகள் வாளித் தண்ணீரில் கிடந்தன. "ஊறுகாய் போடுறியா புள்ள?" என்று கேலி செய்தான் கணவன் ஜுனைட். வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் பைபர் தோணி திருத்துபவன் அவன். சில நாளில் மரத்தூள் பலகை கஞ்சியாகிவிட்டது. மலிவான பிளைவூட் ஏடு ஏடாகப் பிரிந்து, உள்ளே இருந்த பொந்துகளைக் காட்டியது. தண்ணீருக்கென்றே செய்த மரைன் பிளைவூட் மட்டும் அசையவில்லை. அதிலேயே தடித்ததை வாங்கிவந்தாள். கேலி செய்த ஜுனைட்தான், தண்ணீர் ஓரத்தால்தான் ஏறும் என்று, தோணிக்குப் பூசும் பசையைச் சுற்றிவரப் பூசினான். கால்மாட்டுப் பக்கம் சற்றுச் சரியும்படி பலகைக்குக் கால்களையும் பொருத்தினான்.

"நாலு பேர் ஏறி நிண்டாலும் ஒண்டும் ஆகாது," என்றான் பெருமையாக.

"நிக்கிறதுக்கில்ல, கிடக்கிறதுக்கு," என்ற ஹப்ஸா, ஏறி மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள். "தண்ணிய ஊத்துங்க."

"என்ன வேல இது? மனிசனப் பயங்காட்டாத."

"ஊத்துங்க எண்டுறன்."

வாளியைத் தூக்கி ஊற்றினான். தண்ணீர் தேங்காமல் கால்மாட்டால் ஓடியது. ஆனால் அவள் முகம் சுளித்தாள்.

"வலது தோளுக்குக் கீழ ஒண்டு குத்துது."

அவள் எழுந்ததும் அவன் தடவிப் பார்த்தான். சிந்திய பசை ஒரு துளி இறுகிக் கிடந்தது.

"இத்தனூண்டு. மையத்துக்குத் தெரியவா போகுது?"

"அவங்க வாய் திறந்து சொல்லமாட்டாங்க. அதுக்குத்தான் நான் கிடந்து பாக்கிறன்."

ஜுனைட் தேய்க்கும் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அந்தத் துளியைத் தேய்த்தான். அவன் முடித்ததும் ஹப்ஸா நனைந்த உடுப்போடு மறுபடியும் ஏறிப் படுத்தாள்.