ஐநூறு எண்ணினால் கிளம்பும் படகு

என் அக்கா பத்தாம் வகுப்புக் கணக்கில் பெயிலான புண்ணியத்தில்தான் நான் மோட்டார் படகில் ஏறினேன். அவள் கும்பகோணத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தவள். மறுதேர்வையும் அங்கேதான் எழுத வேண்டும். இந்த முறையும் கோட்டை விட்டால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான். பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது கொள்ளிடம் இரு கரையையும் தொட்டுக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது பாலம் கிடையாது. ஓடங்களையெல்லாம் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டார்கள்.

அந்த வெள்ளத்துக்காக அரசாங்கம் ஒரு மோட்டார் படகை அனுப்பியது. அதை ஓட்டி வந்தவர் என் அம்மாவின் தம்பி. ஏதோ ஓர் அணையில் படகு ஓட்டுகிறவர் என்று அதுவரை எங்கள் வீட்டில் அவரை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஒரே நாளில் அவருக்கு வெள்ளித் தம்ளரில் காபி வந்தது.

எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் மொத்தம் இரண்டு சுவிட்சுகள். ஒன்றைப் போட்டால் மஞ்சளாக ஒரு பல்பு எரியும். மற்றதைப் போட்டால் ஒன்றும் நடக்காது. மாமாவின் படகிலோ அவர் இருக்கைக்கு முன்னால் ஏழு சுவிட்சுகள், பித்தளைக் குமிழோடு வரிசையாக நின்றன. விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, என்ஜின் பெட்டிக்குள் காற்றடிக்கும் விசிறிக்கு ஒன்று. மற்றவை எதற்கென்று எனக்குத் தெரியாது. நடுவில் சாவி. சாமி சன்னதியில் நிற்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தேன்.

மாமா எடுத்தவுடன் சாவியைத் திருப்ப மாட்டார். முதலில் என்ஜின் பெட்டியின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். அப்புறம் விசிறியை வெகுநேரம் ஓடவிடுவார். கடைசியில்தான் சாவி. கரையில் நிற்பவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. “என்ன மாப்ளே, கொழம்பு கொதிச்சிடுச்சா?” என்பார்கள். மாமாவும் சிரித்துக்கொள்வார்.

பரீட்சை அன்று விடிந்ததும் படகில் உட்கார்ந்துவிட்டோம். அக்கரையில் எட்டரை பஸ்ஸை விட்டால் எல்லாம் போச்சு. அக்கா ஜியாமெட்ரி பாக்ஸை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பெட்டிக்குள் விட்ட தலையை மாமா வெளியே எடுத்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

“எல்லாரும் எறங்குங்க. எதையும் தொடாதீங்க.”

பெட்ரோல் வாசனை எனக்கும் வந்தது. எனக்கு அது பிடித்திருந்ததால் நன்றாக இழுத்துக்கொண்டேன். அப்பா முணுமுணுத்தபடி அக்காவோடு இறங்கினார். மாமாவின் இருக்கை முதல்முறையாகக் காலியாக இருந்தது. நான் அதில் ஏறிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து என் அத்தை தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு கரையிறங்கி வந்தாள். பெண் முதன்முதலாக மோட்டார் படகில் போகிறாள், அதுவும் பரீட்சைக்கு. படகுக்குச் சூடம் காட்டாமல் அனுப்பலாமா? அவள் தண்ணீரில் கால் வைத்ததுதான் தாமதம், மாமா படகிலிருந்து குதித்தார்.

“கிட்ட வராதீங்க!” என்று கத்திக்கொண்டே தட்டை ஒரே தட்டாகத் தட்டிவிட்டார். சூடம், விபூதி, தேங்காய் எல்லாம் கொள்ளிடத்தோடு போயின.

“பரீட்சைக்குப் போற புள்ளைக்குச் சூடத்தை அணைச்சிட்டானே பாவி!” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

அந்தக் களேபரத்தில் என்னை யாரும் கவனிக்கவில்லை. இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது என்று எனக்குத் தெரிந்தது. விளக்குச் சுவிட்சின் குமிழ் விரலில் சில்லென்று பட்டது.

மாமா திரும்பினார். கத்தவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, அத்தனை மெதுவான குரலில் பேசினார்.

“தங்கம், மாமாவுக்கு ஒரு ஒத்தாசை பண்ணுவியா? ரெண்டு கையையும் மடியில வை. விரல் கணுவுல கட்டை விரலை வச்சு ஐநூறு வரைக்கும் எண்ணு. நீ எண்ணினாத்தான் படகு கெளம்பும்.”

அவர் முகமெல்லாம் தண்ணீர் வழிந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கொண்டிருந்தவளை அப்படியே தூக்கிக் கரையில் கொண்டுபோய் வைத்தார். ஏழு சுவிட்சுகளும் என் பத்து விரலுக்குக் காத்திருக்கின்றன என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் குழாய் இணைப்பை முறுக்கி, பெட்டியைத் துணியால் துடைத்து, துணியைத் தூரக் கொண்டுபோய்ப் போட்டார். மூடியைத் திறந்தே வைத்து ஆற்றுக் காற்றை உள்ளே விட்டார். மோந்தார், காத்திருந்தார், மறுபடி மோந்தார். அப்புறம்தான் விசிறி ஓடும் சத்தம் கேட்டது. அக்கா அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. முந்நூறிலிருந்து நேராக நானூறுக்குத் தாவி, மிச்சத்தை எண்ணி முடித்து, “ஐநூறு!” என்று கத்தினேன்.

மாமா தலையாட்டினார். இன்னொரு முறை மோந்துவிட்டு, எங்களை ஏற்றிச் சாவியைத் திருப்பினார். படகு உறுமியது. அத்தனை பெரிய ஆறு எங்களுக்கு வழிவிட்டு இரண்டாகப் பிரிந்தது. ஆனால் நான் விழுங்கிய நூறு எண்ணுக்காகப் படகு நடு ஆற்றில் நின்றுவிடும் என்று எனக்கு ஒரே நடுக்கம். அக்கரை சேரும்வரை அந்த நூறையும் கணுக்கணுவாக எண்ணித் தீர்த்தேன்.

பஸ் கிடைத்தது. அக்கா தேறினாள். தை மாதம் கல்யாணம் நடக்கவில்லை. கடைசியில் அவள் கணக்கு டீச்சராகவே ஆனாள். அத்தை மட்டும் சாகும்வரை மாமாவோடு பேசவில்லை. அத்தைமேல் அவருக்குக் கோபம், என்மேல் கொள்ளைப் பிரியம் என்று நான் வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

என் மகளுக்கு ஏழு வயதானபோது ஒருநாள் சமையலறையில் கேஸ் வாடை அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் ஸ்டூலில் ஏறி லைட் சுவிட்சில் விரலை வைத்திருந்தாள். கத்தினால் பயந்து அழுத்திவிடுவாள். சுவிட்சில் ஒரு பொறி தெறித்தால் போதும். “தங்கம், ரெண்டு கையையும் கீழ வை. விரல் விட்டு நூறு வரைக்கும் எண்ணு பாப்போம்” என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவளைத் தூக்கி வாசலில் விட்டுவந்து சிலிண்டரை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன். வெளியே வந்து உட்கார்ந்தேன். முகத்தைத் துடைத்தேன், வேர்வையில் முந்தானை நனைந்துவிட்டது. அன்றைக்கு மாமாவின் முகத்தில் வழிந்ததும் ஆற்றுத் தண்ணீர் இல்லை.

“நூறு ஆயிடுச்சும்மா” என்றாள் மகள். நடுவில் எத்தனையை விழுங்கினாய் என்று நான் கேட்கவில்லை.