குணம் அண்ணை எடுக்காத எக்ஸ்ரே

செவ்வாய்க்கிழமை காலை, ஒரு சப்பாத்தை மாட்டிக்கொண்டு நின்றபோது நகரசபைத் தாதி போன் எடுத்தாள். குணம் அண்ணை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்றாள். போனை வைத்துவிட்டு மற்றச் சப்பாத்தையும் கட்டினேன். பிறகுதான் அழுகை வந்தது.

டென்மார்க்கின் இந்த ஹொல்ஸ்டெப்ரோ நகரில் அவரை அறியாத தமிழர் இல்லை. இறைச்சித் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்றவர். மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டு, எங்களைப் போலவே காத்திருந்தவர்.

போன மாரியில் எங்களில் ஒருவருக்குக் கசநோய் வந்தது. எல்லாரும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்று தாதி வீடு வீடாகக் கடிதம் போட்டாள். ஒருவரும் போகவில்லை. நோய் தெரிந்தால் அது விசாக் கந்தோருக்குப் போய், குடும்பம் வருவது நின்றுவிடும் என்று பயம். கடைசியில் அவள் அண்ணையின் உதவியைக் கேட்டாள்.

அவர் கூட்டம் ஒன்றும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடுதாசிச் சீட்டு விளையாடிய இடத்துக்கு வந்து, தானும் ஒரு கை போட்டபடி சொன்னார்: “நான் போன கிழமையே எடுத்திட்டன். அது டொக்டரைத் தாண்டி ஒரு இடமும் போகாது.” அந்தப் பேச்சை நம்பித்தான் பதினொரு பேர் பஸ் ஏறினோம். இரண்டு பேருக்கு நோய் இருந்தது. ஒருவன் நான்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் தேநீர் இடைவேளையில் என் முன்னால் வந்து நின்று, மாத்திரையை விழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார், பொல்லாத மனுசன். இடையிடையே தானும் இருமுவார். குளிர் அறைக் காற்று என்பார். நானும் அதை நம்பிக்கொண்டு இருந்தேனே.

அவர் வேலையில் இரத்தம் கக்கி விழுந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஒத்துப் பார்க்க டொக்டர்மார் பழைய எக்ஸ்ரேயைத் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லை. கட்டிலருகே நின்று அவரை ஏசினேன். எங்களை மட்டும் ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

“டொக்டரைத் தாண்டிப் போகாது எண்டு உங்களுக்குச் சொன்னது உண்மைதான்ரா. ஆனா என்ரை பிள்ளையளை வைச்சு அதைச் சோதிச்சுப் பாக்க எனக்குத் துணிவு வரேல்லை.”

எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்கள் இவ்வளவு காலமும் மேலிட உத்தரவால் பார்க்கப்படாமலே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன என்று இப்போது பத்திரிகைகள் எழுதுகின்றன. எந்த எக்ஸ்ரேயும் அவற்றைக் கெடுத்திருக்க முடியாது. அவர் சும்மா செத்தார்.

அவருடைய குளிர்ச்சட்டை என்னிடம் இருக்கிறது. உள்பையில் தாதியின் கடிதம், பிரிக்காமலே. அதோடு அவர் மனைவி கடைசியாக எழுதியதும் இருக்கிறது. இருமல் குறைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். அதற்கு நான்தான் பதில் எழுதவேண்டும்.